ட்ரிப்ஸில் ஏற்றும் செல்லும் மூளையில் நடும் செல்லும்: பார்க்கின்சன் கேள்வி-பதில்

2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் பார்க்கின்சன் நோய்க்கான செல் சிகிச்சை பற்றி இரண்டு ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றாக வெளியாயின. ஒன்று ஜப்பானின் கியோட்டோவில் நடந்தது, மற்றது அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்தது. அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. ஏழு வருடமாகப் பார்க்கின்சன். ஒரு தனியார் மையத்தில், இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, அதில் ஸ்டெம் செல்லைப் பிரித்து, ட்ரிப்ஸ் வழியாகவும் முதுகுத்தண்டு ஊசி வழியாகவும் மூன்று தவணை ஏற்றுவோம் என்கிறார்கள். தவணைக்கு இரண்டரை லட்சம். “ஜப்பானில் செய்வதும் இதுதான்” என்கிறார்கள். அங்கே போய் வந்த ஒருவர் இப்போது நன்றாக நடக்கிறாராம். பணம் கட்டலாமா? – வாசகர், மதுரை

பதில்: கட்டாதீர்கள். ஜப்பானில் செய்தது இது இல்லை. இரண்டுக்கும் ‘ஸ்டெம் செல்’ என்ற பெயர்தான் பொது.

மஜ்ஜையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் தொப்புள்கொடியிலிருந்தும் எடுக்கிற மீசன்கைமல் செல்கள் எலும்பாக, குருத்தெலும்பாக, கொழுப்பாக மாறக்கூடியவை. பார்க்கின்சனில் குறைந்துபோகும் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுவாக அவை மூளைக்குள் மாறி வேலை செய்வதில்லை. ட்ரிப்ஸில் ஏற்றினால் பெரும்பாலானவை முதலில் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்கின்றன. சில நாளில் அழிந்துபோகின்றன. முதுகுத்தண்டு நீரில் விட்டாலும், மூளையின் ஆழத்தில் டோபமின் தேவைப்படும் இடத்துக்குப் போய் அவை வேரூன்றுவதில்லை. கியோட்டோவில் மண்டையோட்டில் துளையிட்டு, அந்த இடத்திலேயே, நரம்பணுவாக மாறும் வழியில் பாதி தூரம் வந்துவிட்ட செல்களை வைத்தார்கள்.

அந்த ஒருவர் நன்றாக நடப்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பார்க்கின்சனில் ‘குணமாகும்’ என்ற எதிர்பார்ப்பே மூளையில் மிச்சமிருக்கும் டோபமினைச் சுரக்க வைக்கும். 2001-ல் கனடாவின் வான்கூவரில் வெறும் உப்பு நீர் ஊசி போட்டு, மூளையின் வேதிச் செயலைப் படமெடுக்கும் பெட் ஸ்கேனில் இதைக் கண்ணாரக் காட்டினார்கள். செலவு பெரிதாக இருந்தால் எதிர்பார்ப்பும் பெரிதாகத்தான் இருக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். அதே காலத்தில் மாத்திரையின் அளவு கூட்டப்பட்டதா என்பதையும் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகளின்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்றுதான் ஏற்கப்பட்ட சிகிச்சை. மற்ற நோய்களுக்கு ஸ்டெம் செல் கொடுப்பதென்றால், அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வாக மட்டுமே கொடுக்கலாம். அது உண்மையான ஆய்வாக இருந்தால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவெண் இருக்கும். அறநெறிக் குழுவின் ஒப்புதல் கடிதம் இருக்கும். சோதிக்கப்படும் சிகிச்சைக்கு உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். ஆய்வால் உடலுக்குக் கெடுதல் வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தரவேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்த மையத்தில் பதிவெண்ணைக் கேளுங்கள். “நாங்கள் பதிவு பெற்ற மருத்துவமனை” என்று மட்டும் பதில் வந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். “ஸ்டெம் செல் வேலை செய்வதற்காக” மாத்திரையை நிறுத்தச் சொன்னால் ஒருநாளும் நிறுத்தாதீர்கள். பார்க்கின்சனுக்கான முக்கிய மாத்திரையான லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் நினைவுக் குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: செல் செத்தது ஓரிடத்தில், புது செல் வைப்பது வேறிடத்தில் என்று படித்தேன். அது ஏன்? என்னதான் வைக்கிறார்கள்? – ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

பதில்: சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பட்டை இருக்கிறது. அங்கிருக்கும் நரம்பணுக்கள் நீண்ட இழைகளை அனுப்பி, மேலே புட்டமென் என்ற பகுதியில் டோபமினைக் கொட்டுகின்றன. பார்க்கின்சனில் சாவது அந்த நரம்பணுக்கள். வறண்டுபோவது புட்டமென். கருவில் சில மில்லிமீட்டராக இருந்த அந்தத் தூரம் வளர்ந்த மூளையில் பல மடங்கு. புது செல்லைப் பழைய இடத்திலேயே வைத்தால் அதன் இழை அவ்வளவு தூரம் வளர்ந்து போய்ச் சேராது. அதனால் கிணற்றைத் தூர்வாருவதை விட்டுவிட்டு, வயலிலேயே நேராக நீர் விடுகிறார்கள்.

வைக்கும் செல்லின் பருவம்தான் இந்தச் சிகிச்சையின் உயிர். நெல் நடுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். விதையாக வைத்தால், அதாவது எதுவாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லை அப்படியே வைத்தால், அது கட்டியாக வளரும். முழுக்க வளர்ந்த நரம்பணுவைப் பிடுங்கி நட்டால், இழைகள் அறுந்து அது செத்துவிடும். நாற்றுப் பருவத்தில் நடவேண்டும். ‘நான் டோபமின் நரம்பணுவாகத்தான் ஆவேன்’ என்று முடிவாகிவிட்ட, ஆனால் இன்னும் இழை விடாத முன்னோடி செல்தான் அந்த நாற்று.

கியோட்டோவில் ஜுன் தகாஹாஷியின் குழு ஆரோக்கியமான ஒருவரின் ரத்த செல்லை ஐ.பி.எஸ். செல்லாக மாற்றியது. எந்த செல்லையும் கருநிலைக்குத் திருப்பும் இந்த முறையை ஷின்யா யமனாகா 2006-ல் எலியிலும் 2007-ல் மனித செல்லிலும் செய்து காட்டி, 2012-ல் நோபல் பெற்றார். அந்த செல்களுக்குக் குறிப்பிட்ட வேதி சமிக்ஞைகளைக் குறிப்பிட்ட நாட்களில் கொடுத்து நடுமூளை வழிக்குத் திருப்பினார்கள். பிறகு கோரின் என்ற புரதத்தை மேற்பரப்பில் கொண்ட செல்களை மட்டும் சலித்தெடுத்தார்கள். இந்தச் சலிப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறோம்.

அறுவையில் தலையில் சட்டகம் பொருத்தி, எம்.ஆர்.ஐ. படத்தில் புட்டமெனின் இடத்தைக் கணக்கிட்டு, மயக்கம் கொடுத்து, சட்டைப் பொத்தான் அளவில் துளையிடுகிறார்கள். மெல்லிய ஊசியை அடிவரை இறக்கி, மேலே இழுத்துக்கொண்டே வெவ்வேறு ஆழத்தில் துளித்துளியாக விடுகிறார்கள். பிறகு சற்றுத் தள்ளி இன்னொரு தடம் போடுகிறார்கள். ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டினால், அங்கே டோபமின் மிகுந்து சுற்றிலும் வறட்சி அப்படியே இருக்கும். வேகமாக அழுத்தினால் ஊசித் தடத்தின் வழியே செல்கள் மேலே ஏறி வந்துவிடும். கியோட்டோவில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 லட்சத்திலிருந்து 55 லட்சம் செல்கள் வைத்தார்கள். அதில் பெரும்பகுதி பிழைக்காது என்பது தெரிந்தே வைக்கும் கணக்கு அது.

நட்ட மறுநாள் எதுவும் தெரியாது. செல் முதிர்ந்து, இழை விட்டு, டோபமின் சுரக்க மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் கியோட்டோ ஆய்வில் 24 மாதம், வட அமெரிக்க ஆய்வில் 18 மாதம் காத்திருந்து அளந்தார்கள். ‘ஊசி போட்ட வாரமே கை நடுக்கம் நின்றது’ என்று யாராவது சொன்னால், அது நட்ட செல்லின் வேலையாக இருக்க முடியாது.

கேள்வி: கருச்சிசுவின் மூளைத் திசுவை வைத்து முன்பே செய்து பார்த்துத் தோற்றுப்போனதாக அறிகிறேன். இப்போது மட்டும் எப்படி வெல்லும்? – வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: முழுத் தோல்வி என்று சொல்ல முடியாது. 1987-ல் சுவீடனின் லுண்ட் நகரில் ஆண்டர்ஸ் பியோர்க்லுண்ட், ஓலே லிண்ட்வால் குழுவினர், கருக்கலைப்பில் கிடைத்த கருவின் நடுமூளைத் திசுவை நோயாளிகளுக்கு வைத்தார்கள். அடுத்தடுத்து செய்தவர்களில் சிலர் ஆண்டுக்கணக்கில் நலமாக இருந்தார்கள். ஓரிருவர் லெவோடோபாவையே விட்டார்கள். அந்த நம்பிக்கையில் அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. சிலருக்குத் திசு வைத்து, சிலருக்குத் துளை மட்டும் போட்டு, யாருக்கு எது என்று நோயாளிக்கும் அளப்பவருக்கும் தெரியாமல் செய்தார்கள். 40 பேரிடம் செய்த ஆய்வு 2001-ல் வந்தது. 34 பேரிடம் செய்தது 2003-ல் வந்தது. இரண்டிலும் முக்கிய அளவுகோலில் வேறுபாடு தெரியவில்லை. முதல் ஆய்வில் 60 வயதுக்குக் குறைந்தவர்களிடம் ஓரளவு பயன் தெரிந்தது, அவ்வளவுதான். அதைவிடக் கவலை தந்தது, மாத்திரையே இல்லாத நேரத்திலும் கைகால்கள் தாமாக நெளியும் டிஸ்கைனீசியா. இரண்டாவது ஆய்வில் திசு பெற்ற 23 பேரில் 13 பேருக்கு அது வந்தது.

காரணம் தேடியபோது கிடைத்தவை பல. ஒரு பக்கத்துக்கே மூன்று நான்கு கருக்கள் தேவைப்பட்டன. அவை ஒரே வயதில், ஒரே வாரத்தில் கிடைக்க வேண்டும். ஐரோப்பாவில் பிறகு நடந்த டிரான்ஸ்யூரோ ஆய்வில் திசு கிடைக்காமலே பல அறுவைகள் ரத்தாயின. கருத்திசுவில் டோபமின் செல்லோடு செரட்டோனின் செல்லும் கலந்திருந்தது. செரட்டோனின் செல் டோபமினையும் உள்வாங்கிக் கண்டபடி வெளியே விடும். நெளிவுக்கு அது முக்கியக் காரணம் என்று பிற்பாடு பெட் ஸ்கேன் காட்டியது. கோரின் சலிப்பு எதற்கு என்பது இப்போது விளங்கும். ஆய்வகத்தில் வளர்த்த செல்லென்றால் ஒரே தொகுதியில் எத்தனை பேருக்கும் எடுக்கலாம். அதில் என்ன இருக்கிறது, என்ன கலந்திருக்கிறது என்று நடுவதற்கு முன்பே சோதிக்கலாம்.

2025-ல் வந்த இரண்டு ஆய்வுகளிலும் அந்த நெளிவுக் கோளாறு தோன்றவில்லை, கட்டியும் வளரவில்லை. எங்களுக்கு மிகப் பெரிய ஆறுதல் அதுதான்.

பழைய கதையில் இன்னொரு பாடமும் உண்டு. கருத்திசு பெற்றுப் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்து இறந்த சிலரின் மூளையை ஆராய்ந்தபோது, இளம் செல்கள் சிலவற்றிலும் பார்க்கின்சனின் முத்திரையான லூயி பொதிகள் (புரதத் திரள்கள்) இருந்தன. இது 2008-ல் வெளியானது. நோய் புது நாற்றுக்கும் மெல்லப் பரவுகிறது. ஆனால் பெரும்பாலான செல்கள் அப்போதும் நன்றாகவே இருந்தன.

கேள்வி: அம்மா எங்களோடு இங்கே இருக்கிறார், 67 வயது. பன்னிரண்டு பேருக்குச் செய்த ஆய்வில் டொராண்டோவும் இருந்ததாமே. அடுத்த கட்டத்தில் சேர்க்கலாமா? சிலருக்குப் பொய் அறுவை செய்வார்கள் என்பது மனதை உறுத்துகிறது. – வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: ஆம், அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அந்த ஆய்வில் டொராண்டோ ஒரு மையம். புளூராக் நிறுவனத்தின் பெம்டேன்புரோசெல் என்ற செல் அது. உறைநிலையில் வைத்திருந்து அறுவையன்று உருக்கிப் பயன்படுத்துவது. ஐந்து பேருக்கு மூளையின் ஒரு பக்கத்துக்கு 9 லட்சம் செல்களும், ஏழு பேருக்கு 27 லட்சம் செல்களும் வைத்தார்கள். மாத்திரை இல்லாத நிலையில் அளக்கும் இயக்க மதிப்பெண், 132-க்குக் கணக்கிடுவது, கூடினால் நோய் கூடியதென்று பொருள். 18-ஆம் மாதத்தில் அது கூடுதல் அளவு பெற்றவர்களுக்குச் சராசரியாக 23 புள்ளி குறைந்தது. குறைந்த அளவு பெற்றவர்களுக்கு 8.6 புள்ளி குறைந்தது. ஒருவருக்கு அறுவையால் வலிப்பு வந்தது. கியோட்டோவில் அளந்த ஆறு பேரில் இதே மதிப்பெண் சராசரியாக 9.5 குறைந்தது.

இந்த எண்களைப் பார்த்து மனம் துள்ளும். ஆனால் இரண்டு ஆய்விலும் எல்லோருக்கும் செல் வைத்தார்கள். தனக்குச் செல் வைத்திருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். எதிர்பார்ப்பே டோபமின் சுரக்க வைக்கும் நோய் இது என்று மதுரை வாசகருக்குச் சொன்னோமே, அது இங்கேயும் பொருந்தும். அதனால்தான் ஏறத்தாழ நூறு பேரை வைத்து 2025-ல் தொடங்கிய மூன்றாம் கட்டத்தில் ஒரு பகுதியினருக்குப் போலி அறுவை. 2001-ல் அது இல்லாமல் போயிருந்தால், பயன் நிரூபிக்கப்படாத கருத்திசு அறுவையை ஊரெல்லாம் செய்திருப்பார்கள். உங்கள் உறுத்தல் நியாயமானது. ஆனால் இது ஏமாற்று இல்லை. எந்தக் குழுவில் விழுவோம் என்று தெரியாது என்பதைச் சொல்லி, கையெழுத்து வாங்கிய பிறகே செய்வார்கள்.

பொதுவாக இத்தகைய ஆய்வுகள் கேட்பவை: நோய் தெரிந்து சில ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். லெவோடோபாவுக்கு உடல் நன்றாகப் பதில் சொல்ல வேண்டும். அப்படியும் தினமும் சில மணி நேரம் ‘ஆஃப்’, அதாவது மருந்து வேலை செய்யாத நேரம், இருக்க வேண்டும். மறதி நோயோ, மூளையில் மின்முனை வைக்கும் டி.பி.எஸ். அறுவை முன்பே செய்ததோ இருக்கக் கூடாது. அம்மாவுக்கு ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஓடுகிறதென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கையெழுத்திடும் முன், போலிக் குழுவில் விழுந்தால் பிறகு செல் தருவார்களா, எத்தனை ஆண்டு பின்தொடர்வார்கள், எத்தனை பெட் ஸ்கேன் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

கேள்வி: இது வந்துவிட்டால் மாத்திரையே வேண்டாமா? மலச்சிக்கலும் மறதியும் சரியாகுமா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எளிய கணக்கு ஒன்று சொல்கிறோம். நல்ல நேரத்தில், மாத்திரை வேலை செய்யும் உச்சத்தில், எது சரியாகிறதோ அதைத்தான் இந்த செல்லும் சரிசெய்ய முடியும். விறைப்பு, மந்தம், பெரும்பாலும் நடுக்கம் ஆகியவை அதில் அடங்கும். மலச்சிக்கல், வாசனை தெரியாமை, எழுந்தால் ரத்த அழுத்தம் விழுவது, மறதி, மாத்திரை உச்சத்திலும் வரும் விழுகைகள் ஆகியவை டோபமினுக்கு வெளியே உள்ள கோளாறுகள். புட்டமெனில் வைத்த செல் அவற்றைத் தொடாது. மாத்திரை குறையலாம், அடியோடு நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கூடவே புதிதாக ஒரு மருந்து சேரும். செல் பிறருடையது என்பதால் உடல் நிராகரிக்காமலிருக்க டாக்ரோலிமஸ் கொடுக்கிறார்கள். வட அமெரிக்க ஆய்வில் ஓராண்டு, கியோட்டோவில் 15 மாதம். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் ஆயுளுக்கும் சாப்பிடுவதோடு ஒப்பிட்டால் இது குறைவு. மூளைக்குள் நிராகரிப்பு மெதுவாக நடப்பதால் நிறுத்த முடிகிறது. ஆனால் அந்த ஓராண்டில் சிறுநீரகமும் சர்க்கரையும் ரத்தத்தில் மருந்தின் அளவும் அடிக்கடி பார்க்கவேண்டும். பம்பளிமாஸ் சாப்பிட்டால் மருந்தளவு எகிறும். நம் ஊரில் பலர் உடலில் காசநோய்க் கிருமி அடங்கிக் கிடக்கிறது. எதிர்ப்புச் சக்தியைத் தணித்தால் அது கண்விழிக்கும். தொடங்கும் முன் காசநோய், மஞ்சள்காமாலை பி பரிசோதனைகள் கட்டாயம்.

கேள்வி: பேரன் பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தோம். அதை என் கணவருக்குப் பயன்படுத்தலாமா? – வாசகி, சேலம்

பதில்: முடியாது. அதில் இருப்பவை ரத்தம் உண்டாக்கும் செல்கள்.

கேள்வி: டி.பி.எஸ். செய்யலாம் என்கிறார் டாக்டர். செல் சிகிச்சை வரும்வரை காத்திருந்தால் என்ன? – வாசகர், நாகர்கோவில்

பதில்: மூளையில் மின்முனை வைத்து, மார்பில் பேட்டரி பொருத்தும் டி.பி.எஸ். பல ஆண்டுகளாக ஒப்பீட்டு ஆய்வுகளில் தேறிய சிகிச்சை. உங்களுக்கு அருகில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திராவிலும், தொலைவில் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் செய்கிறார்கள். சுவிட்சைத் திருப்பி அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். நட்ட செல்லைத் திரும்ப எடுக்க முடியாது. டி.பி.எஸ். செய்துகொண்டால் பெரும்பாலான செல் ஆய்வுகளின் கதவு உங்களுக்கு மூடிவிடும் என்பது உண்மைதான். இருந்தாலும், பகலில் பல மணி நேரம் ‘ஆஃப்’பில் கழிகிறதென்றால் காத்திருக்காதீர்கள். டி.பி.எஸ்.சுக்கும் ஒரு காலம் உண்டு; வயது ஏறி, மறதி தொடங்கிவிட்டால் அதுவும் கைநழுவும்.

கேள்வி: மூன்று நாள் டைரி எழுதி வரச் சொன்னார் டாக்டர். என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. – வாசகி, தஞ்சாவூர்

பதில்: செல் சிகிச்சை, டி.பி.எஸ்., மாத்திரை மாற்றம் எதுவானாலும் தொடங்குவது இந்தத் தாளில்தான். உலகின் பெரிய ஆய்வுகளும் இதையே வைத்துத்தான் பயனை அளக்கின்றன.

ஒரு நாளுக்கு ஒரு தாள். அரைமணிக்கு ஒரு கட்டமாக 48 கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்தில் ஒன்றுக்கு டிக்: தூக்கம், ஆஃப், நெளிவே இல்லாத ஆன், தொல்லை தராத நெளிவோடு ஆன், வேலையைக் கெடுக்கும் நெளிவோடு ஆன். ‘ஆஃப்’ என்றால் மருந்து வேலை செய்யாமல் உடல் கட்டிப்போட்டதுபோல் இருக்கும் நேரம். நடுக்கத்தையும் நெளிவையும் ஒன்றென எண்ணிக் குழப்பிக்கொள்பவர்கள் மிகப் பலர். நடுக்கம் ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் ஆடும். அது ஆஃப் நேரத்தில் கூடும். நெளிவு ஆடுவதுபோல, வளைவதுபோல இருக்கும். பெரும்பாலும் மாத்திரை உச்சத்தில் வரும். இரண்டையும் மாற்றி எழுதினால், மருந்தைக் கூட்ட வேண்டிய இடத்தில் டாக்டர் குறைத்துவிடுவார். சந்தேகமாக இருந்தால் போனில் அரை நிமிட வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

மாத்திரை போட்ட நேரத்தையும் சாப்பிட்ட நேரத்தையும் ஓரத்தில் குறியுங்கள். லெவோடோபாவை உணவுக்கு அரைமணி நேரத்துக்கு முன்பே கொடுப்பது நல்லது. பருப்பு, பால், முட்டை, கறியின் புரதம் குடலில் அதோடு போட்டிபோடும். இரும்புச் சத்து மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கட்டத்தை அந்தந்த அரைமணியிலேயே நிரப்புங்கள். ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதினால், காலை ஒன்பது மணிக்கு இட்லித் தட்டின் முன் கை நின்றுபோனது யாருக்கும் நினைவில் இருக்காது. மதியம் கண்ணயர்ந்த நேரத்தை ‘ஆஃப்’ என்று எழுதிவிடாதீர்கள்.